ஜீப்புக்கு எட்டுக் குடம்

குடும்பத்துக்கு ஜீப் எதற்கு என்று கேட்பவர்கள் தனுஷ்கோடி மணலைப் பார்க்காதவர்கள். 1964 டிசம்பர்ப் புயல் அந்த ஊரையும் ரயில் பாதையையும் கொண்டுபோயிற்று. 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வரும்வரை, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலும் உப்புத் தண்ணீருந்தான் பாதை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியைத்தான் நம்பி இறங்கலாம்.

ஆனால், இழுக்கிற சக்கரம் கூடினால் பழுதாகிற இடமும் கூடும். முன்சக்கரங்களுக்குத் தனி ஷாஃப்ட், தனி மூட்டுகள். அத்தனையையும் உப்பு தின்னும். மருந்து ஒன்றுதான்: நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவிக் கிரீஸ் வைப்பது. குடத்தோடு தண்ணீருக்கு அலைகிற ஜில்லாவில் ஜீப்புக்கு எட்டுக் குடமா? “வண்டி குளிக்கட்டும், நாம் நாளைக்குக் குளிப்போம்” என்பாள் என் மனைவி.

ரோடு வந்ததும் தொல்லை தீர்ந்ததா? வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும். மணலில் அந்த வித்தியாசம் வழுக்கிச் சரியாகிவிடும். தாரில் வழுக்க இடமேது? பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். “ரோட்டிலே முன் கியரை எடுத்துடுங்க, சார். ரெண்டு சக்கரம் இழுத்தாப் போதும்” என்கிறார் எங்கள் ராமநாதபுரம் மெக்கானிக்.

இரும்புக்கு அவரிடம் வழி உண்டு. தண்ணீருக்கு? அதனால், மணலில் இறங்குவதையே விட்டுவிட்டேன். அரிச்சல்முனைக்குத் தாரிலேயே போய் வருகிறோம். எட்டுக் குடமும் அடுப்படிக்குப் போகின்றன.