ஏன் இவ்வளவு வெளிறல்?

முதுகலை வகுப்பில் அணைவுச் சேர்மங்களை நடத்த வந்தால் பெரும்பாலும் எல்லாரும் டைட்டானியத்தில்தான் தொடங்குவோம். மூன்று நேர்மின்சுமை கொண்ட அந்த அயனியில் டி எலக்ட்ரான் ஒன்றே ஒன்று. ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகியாகச் சூழ்ந்ததும் டி ஆர்பிட்டால்கள் இரண்டு மட்டமாகப் பிரியும், 500 நானோமீட்டர் அருகே ஒளியை வாங்கிக்கொண்டு எலக்ட்ரான் மேலே தாவும், கரைசல் ஊதா. 1929-இல் ஹான்ஸ் பெத்தே படிகங்களுக்காகச் சொன்ன கொள்கை, கரும்பலகையில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு டெல்டாவைக் கணக்கிடு, நிலைப்படுத்தும் ஆற்றலைக் கணக்கிடு என்று வினாத்தாள் வரை ஒரே ஓட்டம்தான்.

என்ன நிறம் என்று கேட்டால் மாணவர்கள் கடகடவென்று சொல்வார்கள். நிறம் எவ்வளவு அழுத்தம் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

மேசையில் இரண்டு பீக்கர் வைப்பேன். ஒன்றில் மாங்கனீசு சல்பேட். கரண்டி கரண்டியாகப் போட்டுக் கலக்கினாலும், பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தால்தான் இளஞ்சிவப்பு தெரியும். இன்னொன்றில் குண்டூசித் தலையளவு பெர்மாங்கனேட் படிகம். விழுந்த இடத்திலிருந்து ஊதா இழை இழையாகக் கசியும். ஒரு கலக்கு கலக்கினால் பீக்கர் முழுக்க நிறம். இரண்டிலும் மாங்கனீசுதான். மோலார் உட்கவர் திறனைப் பார்த்தால் பெர்மாங்கனேட்டுக்கு 2,000-க்கு மேல், மற்றதற்கு 0.1 கூடத் தேறாது.

“பெர்மாங்கனேட்ல டி எலக்ட்ரான் எத்தனைப்பா?” என்றால் யாராவது ஒருவர் “அஞ்சு சார்” என்பார். ஆக்சிஜனேற்ற எண் ஏழு. டி-யில் எலக்ட்ரானே கிடையாது. அங்கே ஆக்சிஜனிலிருந்து மாங்கனீசுக்கு எலக்ட்ரான் போகிறது, மின்சுமைப் பரிமாற்றம். அதைத் தடுக்க எந்த விதியும் இல்லை. மாங்கனீசு சல்பேட்டிலோ ஐந்து எலக்ட்ரானும் ஆளுக்கொரு ஆர்பிட்டாலில், ஒரே திசைச் சுழற்சியில். எது தாவினாலும் சுழற்சியைத் திருப்பியாக வேண்டும்; அது விதிக்குப் புறம்பு. எண்முகிக்குச் சமச்சீர் மையம் இருப்பதால் லாபோர்ட் விதியும் குறுக்கே நிற்கிறது. அப்படியானால் அந்தத் துளி இளஞ்சிவப்பு எப்படி வந்தது? என்னைக் கேட்டால் பாடமே இங்கேதான் ஆரம்பம். மூலக்கூறு அதிர்ந்துகொண்டே இருப்பதால் சமச்சீர் கணநேரம் குலைகிறது; சுழற்சியும் ஆர்பிட்டால் இயக்கமும் பிணைவதால் சுழற்சி விதியும் லேசாக நெகிழ்கிறது. இயற்பு வேதியியல் தாளில் தனியாகப் படித்த குவாண்டம் விதிகள் கனிம வேதியியல் பீக்கரில் கண்ணுக்குத் தெரிகிற இடம் இது.

கோபால்ட்டிலும் இதே கதைதான். இளஞ்சிவப்பு நீர்க் கரைசலில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் நீலமாகும். ‘லீ சாட்டிலியர்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். நிறம் மாறியதோடு பல மடங்கு அழுத்தமாகியும் இருக்கிறது என்பதைக் கவனிப்பவர் குறைவு. எண்முகி நான்முகியாகிவிட்டது; நான்முகிக்குச் சமச்சீர் மையம் இல்லை. அதனால் லாபோர்ட் தடை தளர்ந்துவிடுகிறது. டெல்டா குறைந்ததால் நிறம் நீலமானது. நிறம் ஆழ்ந்ததற்குக் காரணம் வடிவம். தேர்வுத்தாள்கள் முதல் பாதியோடு திருப்தியடைந்துவிடுகின்றன.

நிறமாலைமானி வகுப்பில் மாங்கனீசு சல்பேட்டை வழக்கம்போல 0.01 மோலாரில் கரைத்து வைத்துவிட்டு, “சார், மெஷின்ல கோடு அசையவே மாட்டேங்குது” என்று வருவார்கள். ஒரு மோலாரில் கரைத்து, அளவுகோலைச் சுருக்கிப் பார்க்கச் சொல்வேன். அப்போது 400 நானோமீட்டர் அருகே ஒல்லியாக, கூராக ஒரு சிகரம் எழும்பும். டைட்டானியத்தின் சிகரம் அகலமாயிற்றே, இது மட்டும் ஏன் இவ்வளவு ஒல்லி என்று கேட்பவருக்குத்தான் டனாபே–சுகானோ வரைபடத்தை எடுத்துக் கொடுப்பேன்.