எமது படத்தை யார் எடுப்பது?

உதவி செய்ய வருகிறவர்களுக்கு எப்போதும் ஒரு படம் தேவைப்படுகிறது. இது முகநூல் வந்த பிறகு தொடங்கிய விடயம் அல்ல. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, சுமார் 75,000 பேர் வீடு வாசலை விட்டு வந்தோம். மன்னார் தீவில் இருந்த எமது குடும்பம் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தது. அதன் பின்னர் கிடுகுக் கொட்டிலும், உவர்த் தண்ணீரும், நிவாரண வரிசையுமே எமது வாழ்க்கையாகின. அந்த வரிசையில் நின்ற எங்களைப் பலர் படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் எங்கே போயின என்று நாம் கேட்டதில்லை. கேட்கலாம் என்றும் எமக்குத் தெரியாது.

பல வருடங்களுக்குப் பின்னர் ஒரு நிறுவனத்தின் சுவர் நாட்காட்டியில் என் உம்மாவைக் கண்டேன். தண்ணீர்க் குடத்துடன் நிற்கிறார். முந்தானை தலையிலிருந்து நழுவிக் கிடக்கிறது. கீழே 'பாதிக்கப்பட்ட பெண்' என்று மட்டும் எழுதியிருந்தது. மன்னாரில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தவர் என் உம்மா. அதை அந்தப் படம் எடுத்தவர் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

நாட்காட்டியை வருட முடிவில் கழற்றி விடுவார்கள். முகநூலில் ஏறிய படத்தை அப்படிக் கழற்ற முடியாது. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். இன்று எமது பிள்ளைகளின் திருமணப் பேச்சின்போதும் யாரோ அதைத் தேடி எடுத்துப் பார்க்கலாம். ஆகவே, தொண்டு நிறுவனங்களும் வியாபார நிறுவனங்களும் சமூக ஊடகத்தில் எப்படிப் பேசுகின்றன என்பதை நாமும் அறிந்திருக்க வேண்டும். அங்கே பேசப்படுவது பல வேளைகளில் எம்மைப் பற்றித்தான்.

கண்ணீரைக் காட்டாமலும் உதவி திரட்டலாம் என்பதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. 2014 ஆம் ஆண்டில் ஒரு வாளி ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, அதை வீடியோ எடுத்துப் போட்டு, அடுத்ததாக நீ செய் என்று நண்பர்களை அழைக்கும் ஒரு சவால் உலகெங்கும் பரவியது. தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஒரு நோய்க்காக அது நடந்தது. அமெரிக்காவில் அந்த நோய்க்கான சங்கத்துக்கு மட்டும் அந்தக் கோடையில் 11 கோடி டொலருக்கும் அதிகமான பணம் சேர்ந்தது. அந்த வீடியோக்களில் பெரும்பாலானவற்றில் படுக்கையில் கிடக்கும் நோயாளியைக் காட்டவில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள், தாங்களும் ஊற்றிக்கொண்டார்கள், பணமும் கொடுத்தார்கள்.

அதே ஆண்டில் ஹைதராபாத்தைச் சேர்ந்த மஞ்சு லதா கலாநிதி என்ற பெண் பத்திரிகையாளர் அதை எமது பக்கத்து வாழ்க்கைக்கு ஏற்றபடி மாற்றினார். தண்ணீர் வேண்டாம், ஒரு வாளி அரிசியைத் தேவைப்பட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள் என்றார். அதுவும் வேகமாகப் பரவியது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்காக முகாமில் வரிசையில் நின்ற எனக்கு அந்த மாற்றம் நன்றாகவே விளங்கியது.

2013 இல் சுவீடன் நாட்டு யுனிசெப் வேறு விதமாகப் பேசியது. எமது பக்கத்துக்கு நீங்கள் 'லைக்' போட்டால் ஒரு பிள்ளைக்குக்கூடத் தடுப்பூசி கிடைக்காது, அதற்குப் பணம் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. சிலருக்கு அது கடுமையாகப் பட்டிருக்கலாம். ஆனால் உண்மை அதுதான். எமது துயரத்துக்கு ஆயிரம் பேர் அழுகிற முகத்தைப் போட்டாலும் அடுப்பு எரியாது.

எனக்கு மிகவும் பிடித்தது நோர்வே மாணவர்களின் உதவி அமைப்பு ஒன்று 2012 இல் வெளியிட்ட பாட்டு வீடியோ. நோர்வே மக்கள் குளிரில் விறைக்கிறார்கள், பாவம், ஆபிரிக்கர்களே அவர்களுக்கு வீட்டைச் சூடாக்கும் ரேடியேற்றர்களை அனுப்புங்கள் என்று ஆபிரிக்க இளைஞர்கள் அதில் பாடுகிறார்கள். கேலிதான். ஆனால் ஒரு நாட்டைப் பற்றி அதன் துன்பத்தை மட்டுமே திரும்பத் திரும்பக் காட்டினால் அந்த நாட்டு மக்களை உலகம் எப்படி நினைக்கும் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. பின்னர் அதே அமைப்பு, நல்ல உதவி விளம்பரத்துக்கு ஒரு பரிசும், மக்களைச் சிறுமைப்படுத்தும் விளம்பரத்துக்குத் 'துருப்பிடித்த ரேடியேற்றர்' என்ற பரிசும் சில வருடங்கள் வழங்கியது.

வியாபார நிறுவனங்களும் இதைக் கவனித்து வைத்திருக்கின்றன. 2015 இல் இந்தியாவில் ஏரியல் சலவைத்தூள்காரர்கள், துணி துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா என்று கேட்டார்கள். அடுத்த வருட விளம்பரத்தில், வேலை முடிந்து வந்தும் ஓய்வில்லாமல் ஓடுகிற மகளைப் பார்த்த ஒரு தகப்பன் அவளுக்குக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்கிறார். லட்சக்கணக்கானோர் அதைப் பகிர்ந்தார்கள். அவர்களின் நோக்கம் தூள் விற்பதுதான், அதை நாம் மறக்கத் தேவையில்லை. ஆனாலும் தூளின் வெண்மையைப் பேசாமல் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணின் களைப்பைப் பேசினார்கள். அதனால்தான் மக்கள் காது கொடுத்தார்கள்.

எமது மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் அதிகமானோர் இறந்த பின்னர், கொழும்பின் குப்பையைப் புத்தளத்தின் அறுவக்காட்டில் கொட்டும் திட்டம் தீவிரமானது. 2018 இல் எமது பிள்ளைகள் 'கிளீன் புத்தளம்' என்ற பெயரில் எழுந்தார்கள். வீதியிலும் இருந்தார்கள், முகநூலிலும் இருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளுடன் வந்து அமர்ந்தார்கள். 2019 ஓகஸ்டில் குப்பை வரவே செய்தது. ஆனாலும் இந்தத் தடவை எமது ஊரைப் பற்றி எமது ஊர்தான் பேசியது. அந்தப் பெயரைப் பாருங்கள். அதில் அழுகையும் இல்லை, ஏச்சும் இல்லை. நாம் என்ன விரும்புகிறோம் என்பது மட்டுமே இருக்கிறது.

சமூக ஊடகத்தின் மற்றப் பக்கத்தையும் எமது கரை கண்டிருக்கிறது. 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு கடைக்காரர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி மிரட்டலாக விளங்கிக்கொள்ளப்பட்டது. கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மறுநாள் வன்முறை வடமேற்கின் வேறு ஊர்களுக்கும் பரவியது. கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். ஒரு வரி எங்கே போய் முடியும் என்பதை அறிந்தவர்கள் நாம்.

எங்கள் பெண்கள் சங்கம் கருவாடு போடுகிறது. கீரி, சூடை, நெத்தலி என்று காலத்துக்கு ஏற்றபடி. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள் பலர் இப்போது இதில் இருக்கிறார்கள். முகநூலில் ஒரு பக்கமும் வைத்திருக்கிறோம். பக்கம் தொடங்கும்போது ஒரு இளைஞர், 'ஏழை விதவைகளின் கருவாடு' என்று போட்டால் விற்பனை கூடும் என்று ஆலோசனை சொன்னார். எங்கள் மூத்த ராத்தா ஒருவர் மறுத்துவிட்டார். "இரக்கப்பட்டு வாங்கினவர் ஒருக்காதான் வாங்குவார். ருசி கண்டவர் திரும்ப வருவார்" என்றார். ஆகவே மீனைக் கீறிக் கழுவுவதையும், உப்பிடுவதையும், மணல் படாமல் உயரத்தில் காய வைப்பதையும் படம் எடுத்துப் போடுகிறோம். விலையும் போடுகிறோம். எதை எழுதினாலும், போடுவதற்கு முன்னர் இருவர் வாசிக்க வேண்டும். சிங்களத்தில் எழுதினால் பக்கத்து ஊர்ச் சிங்களச் சகோதரி ஒருவரிடம் வாசித்துக் காட்டிய பிறகுதான் போடுவோம்.

ஒரு முறை உதவி நிறுவனம் ஒன்றிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். அந்த ராத்தா தன் புது வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார். வந்தவர், "அம்மா, இங்க வேண்டாம். அந்தப் பழைய கொட்டிலுக்குப் பக்கத்தில நில்லுங்கோ" என்றார். ராத்தா கோபிக்கவில்லை. "தம்பி, அந்தக் கொட்டில்ல இப்ப ஆடுதான் கட்டியிருக்கிறம். வேணுமெண்டா ஆட்டப் படம் எடுங்க" என்றார். வந்தவரும் சிரித்துவிட்டார்.

அவர்கள் போன பின்னர் நாங்களே இரண்டு படம் எடுத்தோம். ஒன்றில் கொட்டிலும் ஆடும். மற்றதில் திறப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் ராத்தா. 'இந்தக் கொட்டிலில் முன்னர் நான் இருந்தேன். இப்போது ஆடு இருக்கிறது' என்று அவர் சொன்னதையே கீழே எழுதினோம். எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் பகிர்ந்தது அதைத்தான். கொழும்பிலிருந்து கருவாட்டுக்கு ஓடரும் வந்தது. எவரும் 'பாவம்' என்று எழுதவில்லை.

சகோதரிகளே, உதவி பெறுவது வெட்கமல்ல. யுத்தம் எம்மிடமிருந்து எடுத்ததில் ஒரு பங்குதான் உதவியாகத் திரும்பி வருகிறது. ஆனால் அரிசி வாங்கியதற்காக எமது முகத்தையும் கொடுத்துவிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. யாராவது படம் எடுக்க வந்தால் கேளுங்கள்: இதை எங்கே போடுவீர்கள்? கீழே என்ன எழுதுவீர்கள்? போடுவதற்கு முன்னர் எனக்குக் காட்டுவீர்களா? பிறகு நான் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவீர்களா? நல்ல நிறுவனங்கள் இதற்குப் பதில் சொல்லும். பிள்ளைகளின் படம் என்றால் இன்னும் கண்டிப்பாகக் கேளுங்கள். காணாமல் போனவரைத் தேடுகிறவர்களும், வழக்கில் சாட்சி சொல்ல இருப்பவர்களும் முகம் காட்டாமல் கையை மட்டும், செய்கிற வேலையை மட்டும் எடுக்கச் சொல்லலாம்.

எங்கள் சங்கத்தில் இதற்கென்று ஒரு கொப்பி இருக்கிறது. வந்தவரின் பெயர், நிறுவனம், தொலைபேசி இலக்கம், திகதி, யாரைப் படம் எடுத்தார், எதற்காக என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். இதுவரை எழுத மறுத்தவர் ஒருவர்தான். அவர் படம் எடுக்காமலே போய்விட்டார். உங்கள் சங்கத்துக்கும் ஒரு கொப்பி வாங்கி வையுங்கள்.