ஓக்லஹோமாவின் பந்து ராணிகள்

சில ஊர்கள் ஆயிரம் வருஷம் மெல்ல மெல்ல வளர்ந்து நகரமாகும். அமெரிக்காவின் நடுவே இருக்கும் ஓக்லஹோமா நகரமோ ஒரே நாளில் பிறந்தது! 1889-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ஆம் தேதி நடுப்பகலில், "நிலம் வேண்டுமென்பவர்கள் ஓடிப் போய்ப் பிடித்துக் கொள்ளலாம்" என்று சர்க்கார் எல்லையைத் திறந்து விட்டது. குதிரையிலும் வண்டியிலும் ரயிலிலுமாக ஜனங்கள் பாய்ந்தார்கள். காலையில் வெறும் புல்வெளி; அந்தி சாய்வதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் கூடாரம் அடித்து விட்டார்கள். அதற்கு முன்பு அந்த மண்ணில் உரிமை கொண்டிருந்த பூர்வகுடிகள் அதை இழந்தார்கள் என்பது அந்தக் கதையின் சோகமான பக்கம்.

ஓட்டத்தில் பிறந்த ஊருக்கு வேகத்தில் மோகம் இருப்பதில் ஆச்சரியம் என்ன? அந்த மோகத்தைப் பார்க்க வேண்டுமானால், மே மாதக் கடைசியில் நகரின் வடகிழக்கே மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்திலுள்ள மைதானத்துக்குப் போக வேண்டும். 2024-ஆம் வருஷம் முதல் அதற்கு 'டெவன் பார்க்' என்று ஓர் எண்ணெய்க் கம்பெனியின் பெயர். அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் ஸாப்ட்பால் இறுதிப் போட்டிகள் 1990 முதல், 1996 ஒரு வருஷம் நீங்கலாக, இந்த ஊரில்தான் நடந்து வந்திருக்கின்றன. பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் உட்கார இடம். முகத்தில் கோடு போட்டுக் கொண்ட சிறுமிகள், தலையில் பெரிய ரிப்பன், கையில் தோல் உறை, துணைக்கு அம்மா, அப்பா, பாட்டி! நம் ஊரில் தேர்த் திருவிழா பார்க்க வரும் குடும்பங்களின் முகத்தில் தெரியும் அதே களை.

ஸாப்ட்பால் என்றால் மிருதுவான பந்து என்று அர்த்தம். அதை நம்பி யாரும் கையை நீட்டி விடாதீர்கள்! பெரிய மாதுளம்பழம் அளவில், சுற்றளவு 12 அங்குலம், மஞ்சள் நிறம், கெட்டியோ கெட்டி. 1887-இல் சிகாகோவில் ஒரு படகுச் சங்கத்துக் கட்டிடத்துக்குள் பிறந்த விளையாட்டு இது. அன்று குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையை மட்டையாக்கி ஆடினார்களாம். பெயர் மட்டும் மிருதுவாகவே நின்று விட்டது.

பந்து வீசும் பெண்ணுக்கும் மட்டை பிடிக்கும் பெண்ணுக்கும் நடுவே 43 அடி தூரம். ஆண்கள் ஆடும் பேஸ்பாலில் இது அறுபது அடிக்கு மேல். வீசுபவள் தன் கையை ராட்டினம் போல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்பருகே பந்தை விடுவாள். அடி எடுத்து முன்னால் பாய்ந்து விடுவதால் பந்து பறக்கும் தூரம் ஏறக்குறைய 37 அடிதான். மணிக்கு 70 மைல் வேகத்தில் வந்தால், அதைக் கடக்க ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம் ஆகும். கண் இமைக்கும் நேரம் என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோமே, இங்கே அது நிஜக் கணக்கு! அதற்குள் பந்தைப் பார்த்து, அடிப்பதா விடுவதா என்று தீர்மானித்து, மட்டையையும் சுழற்றியாக வேண்டும். பேஸ்பாலில் இதே அவசரம் ஏற்பட வேண்டுமானால் பந்து மணிக்கு நூறு மைலுக்கு மேல் வர வேண்டும். 2004-இல் ஜென்னி ஃபின்ச் என்ற பெண்மணி, பேஸ்பாலில் கொடிகட்டிப் பறந்த ஆல்பர்ட் பூஹோல்ஸை இந்தப் பந்தால் திணறடித்து வெளியே அனுப்பியதை நினைத்தால், இதன் மகிமை விளங்கும்.

வேகத்துக்கு ஒரு பட்டியலே உண்டு. 2012-இல் மோனிகா அபட் 77 மைல் வேகத்தில் வீசினார். பதின்மூன்று வருஷம் அந்தச் சாதனை அசையவில்லை. 2025-இல் டென்னஸி சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்லின் பிக்கென்ஸ் முதலில் 78.2, பிறகு 79.4 என்று அதைத் தாண்டி விட்டார். எண் பலகையில் அந்த இலக்கம் தோன்றினால் போதும், கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும்.

ஆனால் அந்த வருஷக் கோப்பை டென்னஸிக்குக் கிடைக்கவில்லை, டெக்ஸாஸுக்குப் போயிற்று. வேகம் மட்டும் போதுமானால் இந்த ஆட்டத்துக்கு மூளை எதற்கு?

தினமும் ஒரே ருசியில் சாம்பார் வைத்தால் வீட்டில் என்ன ஆகும்? முதல் நாள் பாராட்டு, நாலாம் நாள் முணுமுணுப்பு. பந்தும் அப்படித்தான். எவ்வளவு வேகமானாலும் ஒரே மாதிரி வந்தால், தேர்ந்த பெண் இரண்டு மூன்று பந்துக்குள் காலத்தைக் கணித்து விடுவாள். பிறகு வீசுபவளின் வேகமே அடிப்பவளுக்கு உபகாரமாகி, பந்து வேலிக்கு அப்பால் போய் விழும்.

ஆகவே வீசும் பெண்கள் பல சரக்கு வைத்திருக்கிறார்கள். 'டிராப்' என்ற பந்து, படி இருக்கிறது என்று எண்ணிக் காலை வைத்தால் இல்லாமற் போவது போல, கடைசி நிமிஷத்தில் கீழே இறங்கும். முன்னோக்கிச் சுழல்வதால் காற்று அதை அழுத்தி விடுகிறது. 'ரைஸ்' பின்னோக்கிச் சுழலும். நாம் எதிர்பார்க்கிற அளவு தாழாமல் வருவதால் மட்டை அதன் அடியில் வீணாகச் சுழலும். பக்கவாட்டில் ஒதுங்குவது 'கர்வ்'. அதற்கு எதிர்ப்பக்கம் போவது 'ஸ்க்ரூ'. எல்லாவற்றையும் விடப் பொல்லாதது 'சேஞ்ச் அப்'. கை அதே வேகத்தில் சுற்றும், முகத்தில் அதே கடுமை. பந்து மட்டும் 50 மைலில் சாவகாசமாகப் புறப்பட்டு வரும்! அரை விநாடி எடுத்துக் கொள்ளும். அதற்குள் அடிப்பவள் மட்டையை வீசி முடித்து, அசடு வழிய நிற்பாள்.

இதற்கு அழகான உதாரணம் காட் ஆஸ்டர்மன். அபட்டைப் போலவே இவரும் ஆறடிக்கு மேல் உயரம், இடது கைக்காரி. வேகத்தில் அபட்டுக்குப் பல மைல் பின்னால். ஆனால் பந்தை வளைப்பதிலும் இறக்குவதிலும் மன்னி. டெக்ஸாஸ் கல்லூரி நாட்களில் 2,265 பேரை அடிக்க விடாமல் வெளியேற்றினார். டென்னஸியில் அபட் வெளியேற்றியது 2,440 பேரை. வழி இரண்டு, பலன் கிட்டத்தட்ட ஒன்று. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இருவரும் ஒரே அணியில் ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள்.

எந்தப் பந்தை எப்போது போடுவது என்பது எத்தனை முக்கியம் என்பதற்கு டெவன் பார்க்கிலேயே 2025-இல் ஒரு நாடகம் நடந்தது. டெக்ஸாஸ் டெக் அணியின் நைஜாரி கானடி வேகத்துக்குப் பேர் போனவர். வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் அவருக்கு ஒப்பந்தம் என்று பத்திரிகைகள் எழுதின. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் எதிரணியின் ரீஸ் ஆட்வுட் என்ற பலசாலியை அடிக்கவே விடக் கூடாது என்று எண்ணி, வேண்டுமென்றே விலக்கிப் போட்டார். அப்படிப் போட்ட மெதுவான பந்துகளில் ஒன்று சற்றே கிட்டே வந்து விட்டது. ஆட்வுட் விடுவாரா? எட்டி அடித்தார். இரண்டு ஓட்டம், 2-1 என்று ஆட்டமே கைமாறிற்று! வேண்டாம் என்று போட்ட பந்துதான் வேண்டியதைப் பறித்துக் கொண்டு போயிற்று.

கல்லூரி ஆட்டங்களில் பெரும்பாலும் எந்தப் பந்து என்பதைத் தீர்மானிப்பவர் பயிற்சியாளர்தான். ஓரத்தில் நின்று எண்களைச் சொல்வார். பந்து பிடிக்கும் பெண் தன் மணிக்கட்டில் கட்டிய அட்டையைப் பார்த்துப் புரிந்து கொள்வாள். சௌகரியந்தான். ஆனால் அடிப்பவளின் கால் எங்கே நிற்கிறது, முந்திய பந்துக்கு அவள் முந்தினாளா பிந்தினாளா என்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் அந்த இரண்டு பெண்கள் அல்லவா? அவர்களே யோசிக்கப் பழக வேண்டும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கட்சியே சரி என்பது என் அபிப்பிராயம்.

இனி, தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாட்டுப் பூங்காக்களில் மாலை வேளையில் ஒரு காட்சி சகஜம். அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து பந்து பிடிப்பார். அம்மா கையில் வேகம் அளக்கும் கருவி. பன்னிரண்டு வயதுப் பெண் வீசிவிட்டு ஓடி வருவாள்.

"அம்மா, எத்தனை?"

"ஐம்பது."

"போன வாரமும் ஐம்பதுதானே!" என்று குழந்தையின் முகம் சுருங்கும்.

பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1972-இல் வந்த ஒரு சட்டம் கல்வியில் பெண்களுக்குச் சம உரிமை தந்தது. அதன் பிறகு நன்றாக ஆடும் பெண்ணுக்குக் கல்லூரியில் உதவிச் சம்பளம் கிடைக்க வழி பிறந்தது. தேர்ந்தெடுக்க வருகிறவர் கண்ணில் சட்டென்று படுவது அந்த எண்தான். ஆனால் அதைத் துரத்துகிற கை வளரும் குழந்தையின் கை. கீழிருந்து வீசுவது இயற்கையானது, எத்தனை வீசினாலும் வலிக்காது என்று வெகு காலம் நம்பினார்கள். ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தபோது, தோளுக்கு நேரும் இழுவிசை மேலிருந்து வீசும் பேஸ்பால்காரர்களுக்கு நேர்வதற்கு இளைத்ததல்ல என்று தெரிந்தது. 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உயேனோ இரண்டே நாளில் 413 பந்து வீசித் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அதை வணங்கலாம், நம் குழந்தையைச் செய்யச் சொல்லக் கூடாது.

விஷயம் தெரிந்த பயிற்சியாளர்கள் படிப்படியாகத்தான் போகிறார்கள். பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தூரம் 35 அடி, பந்தும் 11 அங்குலம், பன்னிரண்டு வரை 40 அடி, அப்புறந்தான் 43. முதலில் குறி தவறாமல் நேர்ப் பந்து; அடுத்து சேஞ்ச் அப்; பிறகு டிராப்; மற்றவையெல்லாம் எலும்பு முற்றியபின். ஐம்பது மைல் வீசும் சிறுமி, இன்னும் நாலு மைல் கூட்டத் தோளை வருத்திக் கொள்வதை விட, முகம் மாறாமல் நாற்பதில் ஒன்று போடக் கற்றால் எதிராளி அதிகம் திணறுவாள். கை வலியும் மிச்சம்!

2028-ஆம் வருஷ ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சலிஸுக்குத்தான் அளிக்கப்பட்டது. ஆனால் ஸாப்ட்பாலை ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள இந்த டெவன் பார்க்கில் நடத்துவது என்று முடிவு செய்தார்கள். இத்தகைய மைதானம் வேறெங்கும் இல்லை என்பதே காரணம். அந்த ஆட்டத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், எண் பலகையைப் பார்த்துக் கொண்டிராதீர்கள். அடிக்கிற பெண்ணின் முழங்காலைப் பாருங்கள். அது எப்போது தடுமாறுகிறதோ, அப்போதுதான் நல்ல பந்து வந்திருக்கிறது என்று அர்த்தம்.