ஆயிரம் ரூபாத் தாள்

காலிமுகத்திடல் பற்றி ஒரு கவிதை வேண்டுமென்று 2022 ஜூனில் நண்பர் ஒருவர் கேட்டார். தொகுப்புப் போடுகிறாராம். மூன்று முறை உட்கார்ந்து பார்த்தேன். வந்தவையெல்லாம் கோஷங்கள். கோஷம் போடுவதற்கு என்னைவிட நல்ல குரல்கள் திடலில் இருந்தன. ஏன் எழுத முடியவில்லை என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போதும் முழுக்கத் தெரியும் என்றில்லை. ஆனால் அது ஒரு காசுத்தாளோடு சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறேன்.

2009 நவம்பரில் மத்திய வங்கி புதிய ஆயிரம் ரூபாத் தாள் ஒன்றை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் இரு கைகளையும் உயர்த்தியபடி மகிந்த ராஜபக்ஷ. மறுபக்கத்தில் கொடியேற்றும் படையினர். யுத்தம் முடிந்ததன் ஞாபகமாக. அடுத்த சம்பளத்தில் யாழ்ப்பாணத்தில் அப்படி இரண்டு தாள்கள் என் கைக்கு வந்தன. செட்டிகுளம் முகாமிலிருந்து அக்கா வந்து சேர்ந்ததும் அந்த நாட்களில்தான். அவளுடைய மகன் வரவில்லை. வட்டுவாகல் பாலத்துக்குப் பிறகு அவனைக் காணவில்லை.

செலவுக்கு வைத்துக்கொள் என்று ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் என்ன கொடுத்தேன் என்பது உறைத்தது. அக்கா படத்தைச் சற்று நேரம் பார்த்தாள். முகம் உள்ளே போகும்படி நாலாக மடித்துப் பேர்சுக்குள் வைத்தாள். "ஆயிரம் ரூபா ஆயிரம் ரூபாதானே தம்பி" என்றாள்.

அந்தப் பெயர் தாளோடு நிற்கவில்லை. அம்பாந்தோட்டையில் துறைமுகத்துக்கு அந்தப் பெயர். சூரியவெவவில் கிரிக்கெட் மைதானத்துக்கு. 2013இல் திறந்த மத்தள விமான நிலையத்துக்கு. கொழும்பில் தாமரைத் தடாகக் கலையரங்குக்கும் அதுவே. மத்தளவுக்கு விமானங்கள் வராமல் பிறகு அங்கே நெல் அடுக்கினார்கள். துறைமுகம் 2017இல் 99 வருஷக் குத்தகைக்குச் சீனக் கம்பனியிடம் போயிற்று. பெயர் வைத்த பொருள்கள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போக, பெயர் மட்டும் நின்றது.

நாம் படிமம், குறியீடு என்று பக்கம் பக்கமாகச் சர்ச்சை செய்பவர்கள். இந்நாட்டின் அரசியலில் மிக வெற்றிகரமான படிமம் எது என்று யாராவது கேட்டால் அந்தக் குரக்கன் நிறச் சால்வை என்றுதான் சொல்வேன். 1936இல் அரசாங்க சபைக்குப் போன டி.எம். ராஜபக்ஷ, குரக்கன் விதைக்கும் தன் ஊர் ஏழை விவசாயிகளின் அடையாளமாக அதைப் போட்டார். பிறகு தம்பி டி.ஏ. போட்டார். பிறகு அவருடைய பிள்ளைகள். சால்வை அப்படியே இருந்தது. குரக்கன் எங்கே கழன்று விழுந்தது என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

2022இல் நான் வெள்ளவத்தையில் இருந்தேன். காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் மற்றச் சிலிண்டர்களோடு பிணைத்துவிட்டுக் காலி வீதியில் பொழுது போக்கிய நாட்கள் அவை. எனக்குப் பின்னால் நின்ற சிங்கள இளைஞன் கணினிக் கடையில் வேலை. நான் மல்லி என்பேன், அவன் அங்கிள் என்பான். அண்ணன் பிரதமர், தம்பி ஜனாதிபதி, இன்னொரு தம்பி நிதி அமைச்சர், மூத்தவர் நீர்ப்பாசனம், மகன் விளையாட்டு என்று கை விரலை மடக்கி எண்ணுவான். "ஹொரு" என்று முடிப்பான். கள்ளர்கள். களவெடுத்த காசைத் திருப்பித் தா என்பதுதான் திடலிலும் பெரிய கோஷம். (2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் மகிந்த, கோட்டாபய, பசில் முதலானோரைப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பாளிகள் என்று சொன்னபோது பாவித்த சொல் களவு அல்ல, பொது நம்பிக்கையை மீறியமை. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சனம் பொருட்படுத்தவில்லை.) 2019இல் கோட்டாபயவுக்கு விழுந்த 69 லட்சம் வாக்கு அப்போது ஒரு வசைச்சொல்லாகியிருந்தது. ஒருநாள் மல்லி குரலைத் தாழ்த்தி, "நானும் அந்த 69 லட்சத்தில் ஒருவன், அங்கிள்" என்றான். அவனை எனக்குப் பிடித்துப்போனது அன்றுதான்.

மே 9. பகலில் அலரி மாளிகையிலிருந்து வந்த கூட்டம் திடலில் இருந்தவர்களை அடித்தது. அன்றே மகிந்த ராஜினாமா. இரவு நாடு முழுவதும் வீடுகள் எரிந்தன. மெதமுலனவில் பரம்பரை வீடு எரிந்தது. தாய் தகப்பனுக்காகக் கட்டிய நூதனசாலையை உடைத்தார்கள். தகப்பனின் சிலையில் கயிறு கட்டி இழுப்பதை நான் போனில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது, மிகவும் சந்தோஷமாக இருந்தது. அந்த உற்சாகத்தில் கிளிநொச்சிக்கு அக்காவுக்கு எடுத்தேன்.

"ஆற்ற சிலையடா தம்பி அது?"

"தகப்பன்ர, அக்கா."

"அவர் எப்ப செத்தவர்?"

"அறுபத்தேழில."

"அப்ப அந்தாளை ஏன்?"

நான் விளக்கினேன். அந்த நூதனசாலைக்குப் பொதுப் பணம் 3 கோடிக்கு மேல் போனதென்று 2018இல் கோட்டாபய மேல் வழக்குப் போட்டது, 2019இல் ஜனாதிபதியானதும் அந்தப் பதவிக்குரிய விலக்குரிமையால் அவர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டது, நீதிமன்றத்தில் முடியாததைச் சனம் கையால் முடித்தது என்றெல்லாம். நல்ல விளக்கம்தான். அக்கா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "எண்டாலும் செத்த ஆக்களின்ர இடத்தை உடைக்கப்படாது. எங்களுக்குத் தெரியாதே அது?" என்றாள்.

யுத்தத்துக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் துயிலுமில்லங்களை புல்டோசர் விட்டுத் தரையாக்கியதை அவள் சொன்னாள். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளோடு 2017 பெப்ரவரியிலிருந்து மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறவள் அவள். அந்தப் பெயரை வெறுக்க அவளைவிட உரிமையுள்ளவர் யார்? நான் அவளுக்காகக் கோபப்படுவதாக நினைத்துத்தான் போன் எடுத்தேன். அவளோ என் கோபத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

அன்றிரவு ஊரடங்கு. நித்திரை வரவில்லை. 2005 நவம்பர் 17 ஞாபகத்துக்கு வந்தது. அன்று ஜனாதிபதித் தேர்தல். தமிழ் மக்களுக்கு இதில் அக்கறையில்லை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. போனால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.2 வீதம். மகிந்த வென்றது சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் வாக்கால். நானும் போகவில்லை. பயம் என்று பின்னர் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பயம் பாதிதான். அன்று பின்னேரம் வீட்டு விறாந்தையில் நாலைந்து பேர் தேத்தண்ணீர் குடித்தபடி, இரண்டு சிங்களத் தலைவர்களும் ஒன்றுதான், எவன் வந்தால் என்ன என்று பேசிக்கொண்டிருந்தோம். அது பெரிய தெளிவுபோல இருந்தது. அதில் ஒருவர் கவிஞர். பிறகு அதைக் கவிதையாகவும் எழுதினார். நான்தான் அச்சுப்பிழை பார்த்துக் கொடுத்தேன்.

மல்லி அந்த 69 லட்சத்தில் ஒருவன் என்று என்னிடம் சொன்னான். நான் அந்த 98.8 வீதத்தில் ஒருவன் என்று அவனிடம் சொல்லவில்லை. மே 18 அன்று திடலில் முள்ளிவாய்க்கால் நினைவுக்குக் கஞ்சி காய்ச்சினார்கள். மல்லி போய்க் குடித்துவிட்டு வந்து, உப்பில்லாத கஞ்சி, ஏன் அங்கிள் என்று கேட்டான். உப்புக் கிடைக்காத நாட்களைப் பற்றிச் சொன்னேன். அப்போதும் மற்றதைச் சொல்லவில்லை.

பிறகு நடந்தவை தெரிந்தவை. கோட்டாபய ஜூலையில் மாலைதீவுக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போனார். 2024 ஜனாதிபதித் தேர்தலில் நாமல் ராஜபக்ஷவுக்குக் கிடைத்தது 3 வீதத்துக்கும் குறைவு. அக்கா இதைப் பற்றியெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் நடுப்பகுதியில் ஒருநாள் லொறி வந்தது. சிலிண்டர் 4,860 ரூபா. ஐந்து ஆயிரம் ரூபாத் தாள்களை எடுத்து எண்ணினேன். மூன்றாவது தாளில் அவர், கைகளை உயர்த்தியபடி. பின்னால் நின்ற மல்லி கண்டுவிட்டான். "ஐயோ அங்கிள், இதைக் குடுக்காதீங்க, கிழிச்சுப் போடுங்க. நான் வேற ஆயிரம் தாறேன்" என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவி காறித் துப்பினாள். மல்லி காற்சட்டைப் பையைத் துழாவினான், பின் மற்றப் பையை. தன் சிலிண்டருக்குச் சரியாக எண்ணிக் கொண்டுவந்த காசு அது. எடுத்ததை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டான்.

லொறிக்காரன் ஐந்து தாளையும் வாங்கினான். வெளிச்சத்தில் பிடித்து நூலைப் பார்த்தான். கட்டோடு சேர்த்து றப்பர் போட்டுவிட்டு மிச்சம் 140 ரூபாவைத் தந்தான்.