கதவுக்குக் கீழே பார்க்காதவர்கள்

ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்க்கும் என் நண்பர் தன்னுடைய 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் காரை விற்க முடிவெடுத்தார். "வண்டியைப் பற்றி எழுதாதே. அதற்கு உயிர் கொடுத்தவரைப் பார்த்துவிட்டு எழுது" என்று அவர்தான் என்னை ஆபிங்டனுக்கு அழைத்துப்போனார்.

எம்ஜிபி பிறந்த ஊர் அது. 1962இல் தொடங்கி, கூபே வடிவத்தையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை இங்கே செய்தார்கள். பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 1980 அக்டோபரில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

நண்பரின் வண்டியைப் புதுப்பித்த பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர். பதினாறு வயதில் அந்தத் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்து, தொழில் கைக்கு வரும் நேரத்தில் வேலையிழந்தவர். அப்பாவும் அண்ணனும் அங்கேதான் இருந்தார்கள். "ஒரே வீட்டில் மூன்று சம்பளமும் நின்றது" என்றார். அதன் பிறகு ஊராரின் துருப்பிடித்த வண்டிகள்தான் அவருக்குச் சோறு போட்டிருக்கின்றன.

1798 சிசி என்ஜினை இறக்கிச் சீர்செய்வது தேர்ந்த மெக்கானிக் எவருக்கும் கைவரக்கூடியது. அதை விட்டுவிடுகிறேன். என்னைக் கட்டிப்போட்டது கதவுக்குக் கீழே நடக்கும் வேலை. இந்த வண்டிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. தகட்டு உடலே பாரத்தைத் தாங்குகிறது. மேலே கூரையும் இல்லை. அதனால் கதவடியில் நீளவாக்கில் ஓடும் 'சில்' என்ற பகுதிதான் வண்டியின் பலம். உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும். வெளித்தகடு பளபளக்கும்போதே உள்ளே துரு அரித்துத் தீர்த்திருக்கும். வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்துப் பிணைத்துக்கொள்கிறார். புதுத் தகட்டைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, கதவை மாட்டி, இடைவெளி சுற்றிலும் சமமாக வந்த பிறகுதான் முழு வெல்டிங். அவசரப்பட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு ஒழுங்காக மூடாது.

தகடுகள் சேரும் மூட்டுகளில் அவர் பட்டி பூசுவதில்லை, ஈயம் பிடிக்கிறார். அப்பா கொடுத்த மரத்துடுப்பு ஒன்று இருக்கிறது, கைப்பிடி தேய்ந்து கறுத்துப்போனது. அதைக் கொழுப்பில் தோய்த்து, சுடரில் வெண்ணெய்ப் பதத்துக்கு இளகிய ஈயத்தைத் தள்ளித் தள்ளிப் பரப்புகிறார். சூடு கொஞ்சம் கூடினால் ஈயம் தரையில் வழியும், குறைந்தால் ஒட்டாது. பிறகு அரத்தால் சீவுகிறார். ஈயத்தூள் பறந்து மூச்சில் போகும் என்பதால் உப்புத்தாள் பக்கம் போவதே இல்லை.

நாங்கள் இருக்கும்போதே நண்பரின் வண்டிக்கு விலை பேச ஒரு வியாபாரி வந்தார். பெயிண்டைப் பார்த்தார், தோல் இருக்கையைத் தடவினார், குரோம் பம்பர் இருப்பதில் திருப்திப்பட்டார். (1974க்குப் பிந்தைய கருப்பு ரப்பர் பம்பர் வண்டிகளுக்கு மதிப்புக் குறைவு.) குனிந்து கதவடியைப் பார்க்கவே இல்லை. அவர் சொன்ன விலை புதுப்பித்த செலவுக்குக்கூடக் கட்டாது. இது இந்த வண்டிகளுக்குப் புதிதல்ல. ஏலத்துக்குப் போனால் விற்பவரிடமும் கமிஷன், வாங்குபவரிடமும் கமிஷன். மாதக்கணக்கில் தகட்டோடு மல்லுக்கட்டியவருக்கு மணிக்கூலி மட்டும். சில வாரம் கடையில் நிறுத்தி வைப்பவருக்கு லாபம். எனக்கு இது பொறுக்கவில்லை. பளபளப்புக்கு மட்டுமே விலை என்றால், துருவின் மேல் பட்டி அப்பிப் பெயிண்ட் அடிப்பவன்தான் பிழைப்பான். பிரிட்டனில் நாற்பது வயது கடந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2018 முதல் ஆண்டுப் பரிசோதனையும் கட்டாயமில்லை. துருவைக் கேட்பார் யாருமில்லை. அந்த வண்டியில் ஏறி உட்காரப்போவது மனிதர்கள்.

நண்பர் அந்த வியாபாரிக்குக் கொடுக்கவில்லை. தானே விளம்பரம் எழுதினார். வெட்டித் திறந்த சில்லின் படங்களை முதலில் போட்டு, வேலை செய்தவரின் பெயரையும் அவர் சம்மதத்தோடு சேர்த்தார். பழைய வண்டி வாங்க நினைக்கும் நீங்களும் பெயிண்டுக்கு முந்தைய படங்களைக் கேளுங்கள். ஒரு காந்தத்தையும் கொண்டுபோங்கள். பட்டியில் அது ஒட்டாது. தகட்டை வெட்டியது யார், பற்றவைத்தது யார் என்று பெயர் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.