வளப்பூர் நாட்டுப் படிகம்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறினோம். அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கை அருவியையும் காண வளப்பூர் நாட்டுக்கு வருவோர் பலர். எங்களை அழைத்து வந்ததோ, கற்களின்மேல் எங்கள் மகன் கொண்ட ஆசை.

இம்மலையின் உடல் பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கருங்கல். நம் புனித தோமையார் மலையும் அதே இனத்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறையை மூடிய கல்லும் அவ்வினமே. அதனால்தான் 1893-இல் ஹாலந்து என்னும் நிலவியலார் அப்பெயரிட்டார். நெடுங்கால மழையில் கரைந்த பாறையே மலையுச்சியில் பாக்சைட் ஆயிற்று. முன்னர் அது மேட்டூர் அலுமினிய ஆலைக்காக வெட்டப்பட்டது.

முந்திய ஆண்டு, வேறோர் ஊர்க் கடையில் செவ்வந்திக்கல் என்று நம்பி நாங்கள் வாங்கியது வெறும் சாயக் கண்ணாடி. உள்ளே காற்றுக் குமிழிகள்! மகன் அழுதுவிட்டான். உண்மைப் படிகமோ கண்ணாடியையே கீறும்.

வளப்பூரில், சாமை வயலோரம் வெண்கல் ஒன்று மின்னியது.

"எடுத்துக்கொள்ளலாமா, ஐயா?" என்று கேட்டான்.

"தாராளமாக எடுத்துக்கொள், தம்பி! கொழுமுனையை மழுக்கும் கல்தானே!" என்று நகைத்தார் உழவர். காசு நீட்டினோம், வாங்க மறுத்தார்.

பழைய புட்டியொன்றில் கீறிப் பார்த்தான், கோடு விழுந்தது. அவன் முகம் மலர்ந்தது!

பிறந்த இடம் அறியாத கல்லுக்குச் சேகரிப்போரிடம் மதிப்புக் குறைவு. எனவே வீடு திரும்பியதும், "படிகக்கல், வளப்பூர் நாடு, கொல்லிமலை" என்று சீட்டெழுதி ஒட்டினான். பழைய கண்ணாடியையும் எறிந்துவிடவில்லை. அதற்கும் ஒரு சீட்டு: "கண்ணாடி, ஏமாந்து வாங்கியது." இரண்டும் இன்று எங்கள் அலமாரியில் அருகருகே இருக்கின்றன.