போத்தல் பிடித்த கை

யாழ்ப்பாணத்தவர் எவரிடமேனும் 1990 களின் பொருளாதாரத் தடைக்காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். துன்பங்களை இரண்டொரு வாக்கியத்திற் சொல்லி முடித்துவிட்டு, அக்காலத்திற் கையாண்ட உபாயங்களை விரிவாகச் சொல்லத் தொடங்குவார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் சில்லைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து மின்னெடுத்து வானொலியிற் செய்தி கேட்டமை. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலில் விளக்கேற்றிப் படித்தமை. பெற்றோலே இல்லாத நாட்டில் மண்ணெண்ணெயிற் கார் ஓட்டியமை. பேச்சு இந்த இடத்திற்கு வரும்போது சொல்பவரின் முகம் மலர்ந்துவிடும். நாமும் இக்கதைகளைப் பன்முறை சொல்லியவர்களே, வகுப்பறையிலும் சொல்லியிருக்கின்றோம். அவ்வாறு சொல்லும்போது நாம் விட்டுவிட்ட பகுதியைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம்.

1990 ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபோது எமக்கு வயது மூன்று. மின்சாரம் நின்றது, புகைவண்டி நின்றது, எரிபொருளும் பற்றறியும் சீமெந்தும் தடைசெய்யப்பட்டன. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் குடாநாட்டு மக்கள் ஊர்விட்டு நடந்தபோது எமக்கு எட்டு வயது. இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றிய எமது நினைவுகளிற் பெரும்பகுதி சித்தப்பாவின் கராச்சைச் சுற்றியே அமைந்தது. கராச் என்று சொன்னாலும், அது ஒரு வேப்பமரமும் அதன் கீழே தகரம் போட்ட கொட்டிலுமே. அங்கே எந்நேரமும் ஒஸ்ரின் ஏ-40 கார் ஒன்றோ மொறிஸ் மைனர் ஒன்றோ வாய் திறந்தபடி நின்றுகொண்டிருக்கும். புதிய உதிரிப் பாகம் என்ற ஒன்றைச் சித்தப்பா அந்த ஐந்து ஆண்டுகளிற் கண்டிருப்பாரோ என்பது ஐயமே. ஓடாத காரின் உறுப்பைக் கழற்றி ஓடக்கூடிய காருக்குப் போடுவார்; ரியூப் றப்பரை வெட்டி வாசர் செய்வார்; கறுத்துப்போன ஒயிலைத் துணியில் வடித்து மறுபடியும் எஞ்சினுக்குள் ஊற்றுவார்.

மண்ணெண்ணெயிற் கார் ஓடுவதில் மந்திரம் எதுவுமில்லை. பெற்றோலின் ஆவி பூச்சியத்திற்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவிலுங்கூடத் தீப்பற்ற வல்லது. மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகைக்கு மேற் சூடேறினாற்றான் பற்றத்தக்க ஆவியைத் தரும். ஆகவே குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை முதலிற் சிறிது பெற்றோலிலே கிளப்பிச் சூடேற்றிக்கொண்டு, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். அமுக்க விகிதம் குறைந்த பழைய ஆங்கிலக் கார்கள் இந்த எண்ணெயைச் சகித்துக்கொண்டன. எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரனின் ஓரமாகக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். புகை கண்ணை எரிக்கும். முழக்கத்தோடு எஞ்சின் அதிரும். ஆயினும் கார் ஓடியது. பிள்ளைப்பேற்றுக்குப் பெண்களை ஏற்றிச் சென்றது. காயப்பட்டவர்களை ஏற்றிச் சென்றது.

இதே முறையைத் தொழிற்சாலைகளும் அறிந்திருந்தன என்பது பலருக்குப் புதிதாக இருக்கலாம். இங்கிலாந்தில் 1949 இல் வெளிவந்த பேர்குசன் உழவு இயந்திர வகையொன்று, பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளில் ஓடுமாறே ஆக்கப்பட்டது. எமது கரைகளிற் படகுகளின் பின்புறத்திற் பூட்டும் மண்ணெண்ணெய் எஞ்சின்களும் அத்தகையனவே. ஆனால் அவற்றில் இரு எரிபொருளுக்கும் வெவ்வேறு தாங்கி உண்டு, குழாய் உண்டு, திருப்பி உண்டு. சித்தப்பாவின் கராச்சிலே தாங்கிக்குப் பதிலாக ஒரு போத்தல் இருந்தது. திருப்பிக்குப் பதிலாக ஒரு சிறுவன் இருந்தான்.

அச்சிறுவனுக்குப் பதினான்கு வயது இருக்கலாம். இடம்பெயர்ந்து வந்து அயலிலிருந்த கோயில் மடத்தில் தங்கிய குடும்பத்துப் பிள்ளை. சம்பளம் என்று எதுவும் பேசப்படவில்லை. மத்தியானச் சோறும், வாரக் கடைசியிற் கையில் வைக்கும் சில்லறையுமே. காரின் மூடியைத் திறந்து, காற்றுவடியைக் கழற்றி, காபரேற்றரின் வாய்க்குட் போத்தலிலிருந்து பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விடுவது அவன் வேலை. சித்தப்பா முன்னே நின்று கைபிடியைச் சுழற்றுவார். எஞ்சின் "படக்" என்று பிடித்துக்கொண்டதும் அவன் துள்ளி விலகுவான். தூரத்தில் நின்று பார்த்த எமக்கு அது ஒரு விளையாட்டாகவே தோன்றியது; எப்போது நாமும் போத்தல் பிடிக்கலாம் என்று ஏங்கியதும் உண்டு.

1994 இல் ஒருநாட் காலை எஞ்சின் பின்னுக்கு வெடித்தது. உள்ளே பற்ற வேண்டிய தீ காபரேற்றரின் வாய்வழியாக வெளியே சீறியது. போத்தல் அவன் கையிலிருந்தது. நாம் அன்று பள்ளிக்கூடம் போயிருந்தோம். மாலையில் வந்தபோது கொட்டிலின் தகரம் கறுத்திருந்தது. சித்தப்பா மரத்தடியிற் குந்தியிருந்தார். எவரும் எம்மோடு பேசவில்லை. பதினோராம் நாள் அவன் இறந்துவிட்டான் என்பதைப் பெரியவர்கள் தாழ்ந்த குரலிற் பேசியதிலிருந்து அறிந்துகொண்டோம். எரிகாயத்துக்கான மருந்துகளும் வேண்டிய அளவுக்கு வந்து சேராத காலம் அது. பின்னர் எமது குடும்பத்தில் இச்செய்திக்கு ஒரு முடிந்த முடிபு ஏற்பட்டது: "பெடியன்ரை கவனக்குறைவு." அவ்வளவே. நாளடைவில் அந்த வாக்கியமும் தேய்ந்து மறைந்தது. மண்ணெண்ணெயிற் கார் ஓட்டிய சித்தப்பாவின் கெட்டித்தனம் மட்டும் கல்யாண வீடுகளிலும் அந்தியேட்டி வீடுகளிலும் வளர்ந்துகொண்டே வந்தது.

இனி, 2022 ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஜூன் மாதத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருள் நிலையங்களின் முன்னே மைல் கணக்கில் வரிசைகள். வரிசையிலேயே உறங்கி வரிசையிலேயே விழித்த மனிதர்கள். நாம் பதினோராந் தரத்து மாணவருக்குக் கட்டுரை எழுதுவிக்க வேண்டியிருந்தது. சோர்ந்து கிடந்த பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டலாம் என்றெண்ணி, தடைக்காலத்தில் எம்மவர் வாழ்ந்த விதத்தைச் சொன்னோம். சித்தப்பாவின் கராச்சைச் சொன்னோம். போத்தலைச் சொன்னோம், சொட்டுச் சொட்டாக விடுவதைக் கையால் அபிநயித்துங் காட்டினோம். வகுப்பு கைதட்டியது. அந்தச் சிறுவனைப் பற்றி நாம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைத்தோம் என்றில்லை. கதையின் ஓட்டத்தில் அவனுக்கு இடம் வரவில்லை. இதை மன்னிப்பாக அல்ல, உள்ளவாறே எழுதுகின்றோம்.

பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் எம்மிடம் வந்து, "சேர், மோட்டார்சைக்கிளுக்கும் அது சரிவருமோ?" என்று கேட்டான். பாடசாலை விட்டபின் ஒரு கராச்சில் வேலை செய்பவன் அவன். தந்தையில்லை, தாய் வீடுகளுக்குச் சென்று மிளகாய் இடித்துக் கொடுப்பவர். கட்டுரைப் பாடத்தில் வாய் திறவாத ஒருவன் கேள்வி கேட்டானே என்ற மகிழ்ச்சியில், "ஏன் வராது?" என்று சிரித்தபடி சொன்னோம்.

ஜூன் 26 ஆம் நாள் பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபா ஆகியது. மறுநாள், ஜூலை 10 வரையில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. பாடசாலைகளும் மூடிக் கிடந்தன. அந்நாட்களில் ஒன்றில், கராச்சுக்கு வந்த ஒருவரின் மோட்டார்சைக்கிளை எப்படியாவது ஓடவைத்துத் தரும்படி முதலாளி அவனிடம் ஒப்படைத்திருக்கிறார். கடற்றொழில் செய்யும் உறவினர் ஒருவரிடமிருந்து இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் கிடைத்தது. ஒரு சிறு போத்தலிற் பெற்றோல். காற்றுவடியைக் கழற்றினான். ஒரு கையாற் சொட்டுவிட்டுக்கொண்டே காலால் உதைத்தான். மூன்றாவது உதையில் எஞ்சின் பின்னுக்கு வெடித்தது.

உயிர் தப்பினான். வலது கையும் கழுத்தின் ஒரு புறமும் வெந்துவிட்டன. செய்தி கேட்டுச் சைக்கிளில் வைத்தியசாலைக்குச் சென்றோம். விறாந்தையில் நின்ற தாயார் எம்மைக் கண்டதும் எழுந்து, வழக்கம்போல் முந்தானையைச் சரிசெய்து மரியாதையோடு நின்றார். எம்மைக் குற்றஞ்சாட்டும் எண்ணம் அவரிடம் துளியும் இருக்கவில்லை. மகனுக்காகப் பரிந்து பேசும் குரலிற் சொன்னார்: "உவன் விளையாட்டுக்குச் செய்யேல்லை, சேர். நீங்கள் வகுப்பிலை சொல்லித் தந்தமாதிரித்தானே செய்தவன்."

அதற்கு நாம் ஒரு மறுமொழியும் சொல்லவில்லை. சொல்ல எம்மிடம் எதுவும் இருக்கவில்லை.

வைத்தியசாலைக்கு நாலைந்து தரம் போய்வந்த நாட்களிலேதான் நாம் கராச்சுகளைக் கண்திறந்து பார்க்கத் தொடங்கினோம். உருகுகம்பி எரிந்துபோனால், அந்த இடத்திற் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைக்கின்றார்கள். விளக்கு எரிகிறது, அடுத்த முறை மின்னோட்டம் மிகும்போது, அறுந்து காப்பாற்ற வேண்டிய கம்பி அறாமல், வயரிங் முழுவதும் எரிகிறது. ஒரு சில்லுக்குப் போகும் பிறேக் குழாய் ஒழுகினால் அதை நசுக்கி அடைத்துவிடுகின்றார்கள். ஏனைய சில்லுகள் பிடிக்கும். ஆனால் அவசரத்தில் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பின்விளக்கே இல்லாத லான்ட்மாஸ்ரர் பெட்டியில் இரவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வீதியில் வருகின்றார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிற் கிழடாகிப்போன வண்டிகளையெல்லாம் இழுத்துப் பிடித்து ஓட்டியவை இத்தகைய கைகளே.

இவர்களை அறிவிலிகள் என்பார் உளர். அது பொய். குழாயை நசுக்குபவனுக்கு அதனால் என்ன நேரும் என்பது எம்மைவிட நன்றாகத் தெரியும். புதிய குழாயின் விலையும் வண்டிக்காரரின் மடியும் அவனுக்குத் தெரியும். "இண்டைக்கு ஓடினாற் காணும்" என்று வண்டிக்காரர் சொல்வதும் அவனுக்குக் கேட்கிறது. இவர்களை மேதைகள் என்று புகழ்வார் வேறொரு சாரார். நாம் அச்சாராரைச் சேர்ந்தவர்கள். எமது நண்பர்கள் சிலர் கியூபாவைப் பற்றிப் பேசும்போது, 1962 இன் அமெரிக்கத் தடையின் பின்னரும் ஹவானா வீதிகளில் ஓடும் பழைய அமெரிக்கக் கார்களைப் பெருமையோடு குறிப்பிடுவர். சோவியத் உறுப்புகளைப் பொருத்தி ஓட்டிய அத்தொழிலாளரை நாமும் வணங்குகின்றோம். எனினும், அக்கார்களின் பிறேக் எப்படி என்று எம்மில் எவரும் கேட்டதில்லை. தடை விதித்தவன் செய்த கொடுமையை, தடைப்பட்டவனின் கெட்டித்தனத்தைப் பாடிப் பாடியே நாம் மறக்கடித்துவிடுகின்றோமோ என்ற ஐயம் இப்போது எமக்கு உண்டு. அந்தக் கெட்டித்தனத்துக்குள்ளும் ஒரு முதலாளியும் ஒரு கையாளும் இருந்தனர். உபாயம் சித்தப்பாவினுடையது, கார் ஒரு முதலியாருடையது, போத்தல் மட்டும் அந்தச் சிறுவனுடையது.

சட்டங்கள் இல்லாமலில்லை. வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் உண்டு. வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. எமது மாணவனுக்கோ நியமனக் கடிதமும் இல்லை, சம்பளப் பதிவும் இல்லை. "உதவிக்கு வாற பெடியன்" என்றார் முதலாளி. மருந்துச் செலவுக்கு ஒரு தொகை கொடுத்தார். நல்ல மனிதர் என்று அயலவர் சொன்னார்கள். தொழில் திணைக்களத்தில் முறையிடலாம் என்று நாம் தாயாரிடம் சொன்னபோது, "பிறகு ஆர் சேர் உவனை வேலைக்கு எடுப்பினம்?" என்று கேட்டார். முறையீடு எழுதிய தாள் இன்னமும் எமது மேசை லாச்சியிற் கிடக்கின்றது.

2023 மே மாதம் அவன் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினான். பேனையை இரு விரல்களுக்கிடையிற் செருகி எழுதினான். தமிழிற் சித்தியடைந்தான், கணிதத்தில் இல்லை. இப்போது வேறொரு கராச்சில் வேலை. வழியிற் காணும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நின்றே பேசுகின்றான்.

சென்ற தவணையில் மறுபடியும் அதே கட்டுரைப் பாடம் வந்தது. இம்முறை கதையை முழுவதுமாகச் சொன்னோம்: வேப்பமரம், ஒஸ்ரின் கார், போத்தல், கறுத்த தகரம், பதினோராம் நாள், 2022, வைத்தியசாலை விறாந்தை. கைதட்டல் இல்லை. முன்வாங்கு மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், சித்தப்பாவின்ரை கராச்சிலை செத்த அந்தப் பெடியன்ரை பேர் என்ன?" என்று கேட்டாள்.

எமக்குத் தெரியவில்லை. விசாரித்து வந்து சொல்வதாகக் கூறினோம். சித்தப்பா காலமாகிப் பல ஆண்டுகளாகின்றன. அன்று மாலையே சின்னம்மாவிடம் சென்றோம். எண்பது வயதைத் தாண்டியும் அவருக்கு அந்தக் காரின் இலக்கம் நினைவிருந்தது. காரின் சொந்தக்காரர் கைபிடித்த பெண்ணின் ஊர்கூட நினைவிருந்தது. அந்தச் சிறுவனின் பெயரைக் கேட்டோம். நெடுநேரம் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"தம்பி எண்டுதான் மோனை கூப்பிடுறனாங்கள்," என்றார்.

மறுநாள் வகுப்பிற் சென்று அதையே சொன்னோம்.